கட்டம் கட்டமாக அப்பத்தா

அக்காவுக்கு 1994-ம் வருடம் மதுரையில் கல்யாணம். ஒருவர் தலைக்கு மேலே பளீர் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓட, இன்னொருவர் தோளில் கேமராவோடு பின்னால் ஓட, இரண்டு நாள் கல்யாணத்தை மூன்று மணி நேர வி.ஹெச்.எஸ். கேசட்டில் அடைத்துக் கொடுத்தார்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் எங்கள் அப்பத்தா வருவது மொத்தம் பதினொரு விநாடி. பந்தி நடக்கிற ஹாலில், தூண் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். கேமரா அவள் பக்கம் திரும்பும். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, ‘என்னைய எதுக்குப்பா எடுக்குற? அங்கிட்டுப் போயி சாப்பிடுறவுகள எடு’ என்று கையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

1997-ல் அப்பத்தா போய்விட்டாள். போட்டோக்கள் நாலைந்து உண்டு. ஆனால் அவள் அசைகிற, பேசுகிற பதிவு அந்தப் பதினொரு விநாடி மட்டும்தான்.

2024-ல் அக்காவின் முப்பதாவது கல்யாண நாள். அக்கா மகள் ஏற்பாட்டில் வீட்டில் சின்ன விருந்து. ‘மாமா, அந்தக் கல்யாண வீடியோ உங்ககிட்டதானே இருக்கு? பெரிய டி.வி.யில போடுவோம்’ என்றாள். பெருமையாக பென் டிரைவைக் கொண்டுபோய்ச் சொருகினேன்.

பந்தி வந்தது. தூண் வந்தது. தூணுக்குப் பக்கத்தில் பழுப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஏழெட்டுச் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அசைந்துகொண்டிருந்தன. குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வந்தது.

‘கொள்ளுப்பாட்டி எங்க மாமா?’

விரலை நீட்டிக் காட்டினேன்.

‘இதுவா?’

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து காபி போடப் போய்விட்டாள்.

அப்பத்தா முகத்தை அழித்தது யார் என்று விசாரித்தால், குற்றவாளி நான்தான். ஆயுதம், வீடியோ கன்வெர்ட்டர் என்று கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிறோமே, அந்த சாஃப்ட்வேர். கொஞ்சம் கொஞ்சமாக, பத்து வருடத்துக்கும் மேலாக, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே செய்த குற்றம். நீங்களும் உங்கள் வீட்டில் இதைச் செய்துகொண்டிருக்க வாய்ப்புண்டு. அதனால் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. நான் பி.காம். கணக்கு இல்லாமல் எனக்கு எதுவும் புரியாது.

பழைய டி.வி. படத்தை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தால், ஒரு ஃப்ரேமில் அகலவாக்கில் 720 புள்ளிகள், உயரவாக்கில் 576. பெருக்கினால் 4,14,720. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்துவைக்க 3 பைட். விநாடிக்கு 25 ஃப்ரேம். எல்லாவற்றையும் பெருக்குங்கள். ஒரு விநாடிப் படத்துக்குச் சுமார் 31 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 112 ஜி.பி. சத்தம் தனி.

அக்கா கல்யாணம் நடந்த காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கே சில நூறு எம்.பி.தான். 700 எம்.பி. சி.டி.யில் அப்படியே பதிந்தால் 22 விநாடியோடு சி.டி. நிரம்பிவிடும். அப்பத்தாவை இரண்டு முறை போடலாம். கல்யாணத்துக்கு இடமில்லை.

ஆக, படத்தைச் சுருக்காமல் வழியே கிடையாது. எப்படிச் சுருக்குவது? விடை சொன்னவர் நம்ம பெங்களூருக்காரர்.

நாசிர் அகமது. 1940-ல் பெங்களூரில் பிறந்து, அங்கேயே இன்ஜினீயரிங் படித்து, அமெரிக்காவுக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கி, கான்சாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972-ல் அவருக்கு ஒரு யோசனை. படத்தைப் புள்ளி புள்ளியாக எழுதிவைக்காமல், கணிதத்தில் இருக்கிற கொசைன் அலைகளாக மாற்றி எழுதினால் என்ன? ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனிதர் விடவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் சம்பளமே இல்லாமல், குடும்பம் சேமிப்பில் ஓட, உட்கார்ந்து வேலையை முடித்தார். கூட இருந்தவர்கள் இரண்டு பேர். அவருடைய ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன், டெக்ஸாஸில் பேராசிரியராக இருந்த நண்பர் கே.ஆர். ராவ். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. சுருக்கமாக டி.சி.டி. என்பார்கள். இன்று நீங்கள் செல்போனில் எடுக்கிற ஜேபெக் போட்டோவிலிருந்து, பஸ்ஸில் பார்க்கிற வீடியோ வரைக்கும் அடியில் ஓடுவது இந்த மூன்று பெயர்களின் கணக்குதான்.

அது என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சதுரத்திலும், ‘இதில் மொத்தமாக எவ்வளவு வெளிச்சம்? இடமிருந்து வலமாக மெதுவாக மாறுகிறதா? அல்லது பொடிப்பொடியாக, வேகமாக மாறுகிறதா?’ என்று பிரித்து எடைபோடும். அதுவரைக்கும் எதுவும் தொலையவில்லை. அடுத்த படியில்தான் கத்தி. மெதுவான மாற்றங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அவை இருக்கட்டும். பொடி மாற்றங்கள் அவ்வளவாகத் தெரியாது, அவற்றைத் தூக்கிப் போடு.

பொடி மாற்றம் என்றால் என்ன? பட்டுப் புடவையின் ஜரிகை. நரைத்த தலையில் தனித்தனி முடி. வயசான முகத்தின் சுருக்கங்கள்.

இரண்டாவது தந்திரம் ஒன்று உண்டு. பந்தி காட்சியில் தூண் நகரப்போவதில்லை. அதை விநாடிக்கு 25 தடவை ஏன் எழுதவேண்டும்? முதல் ஃப்ரேமை முழுசாக எழுதி, அடுத்தடுத்த ஃப்ரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். கடையில் தினமும் மொத்த ஸ்டாக்கையும் எண்ணமாட்டார்கள். வந்தது, போனது மட்டும் எழுதுவார்கள். எப்போதாவது ஒருமுறை முழுசாக எண்ணுவார்கள். அதே கதை.

இந்தத் தந்திரங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி, உலகத்துக்குப் பொதுவான இலக்கணம் எழுத 1988-ல் ஒரு குழு கூடியது. இத்தாலியரான லியோனார்டோ கியாரிக்லியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யசுதாவும் முன்னின்று தொடங்கிய அந்தக் குழுவின் பெயர் எம்பெக். அதன் முதல் வெளியீடான எம்பெக்-1 இலக்கணத்தை வைத்து 1993-ல் ஃபிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜே.வி.சி. ஆகிய நான்கு கம்பெனிகளும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் வீடியோ சி.டி.

ஞாபகம் இருக்கிறதா? ஒரு சினிமா, இரண்டு சி.டி. இடைவேளையில் எழுந்து போய் வட்டை மாற்றவேண்டும். ஒரு வட்டில் 74 நிமிடம் அடங்க, படத்தை 352-க்கு 288 என்று கால்வாசியாக்கி, மேலே சொன்ன கத்தியையும் போட்டார்கள். அமெரிக்காக்காரர்கள் இதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஆசியாவோ தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

2003-ல் நானும் கொண்டாடினேன். அக்கா கல்யாண கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மூன்று வி.சி.டி.யாக மாற்றினேன். இனி பூஞ்சை பிடிக்காது, டேப் சிக்காது. அடுத்த வருடம் வீடு மாறும்போது, ‘அதான் சி.டி. இருக்கே’ என்று கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன்.

குறித்துக்கொள்ளுங்கள். தவறு நம்பர் ஒன்று.

இந்தப் பக்கம் நான் கேசட்டைக் கடாசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பக்கம் ஐரோப்பாவில் வேறு கூத்து நடந்து முடிந்திருந்தது.

1996-ல் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. 4.7 ஜி.பி. அருமையான படம். ஆனால் யாரும் நகல் எடுக்கக்கூடாது என்று ஒரு டிஜிட்டல் பூட்டும் போட்டிருந்தார்கள். 1999 அக்டோபரில் அந்தப் பூட்டைத் திறக்கும் ஒரு சின்ன புரோகிராம் இணையத்தில் பரவியது. பெயர் டி.சி.எஸ்.எஸ். வெளியிட்டவர்களில் ஒருவர் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. வழக்கு போட்டார்கள். ‘நான் காசு கொடுத்து வாங்கிய டி.வி.டி.யை என் கம்ப்யூட்டரில் பார்க்கக்கூடாதா?’ என்பது அவர் தரப்பு. 2003 ஜனவரியில் விடுதலை. அரசுத் தரப்பு அப்பீல் போனது. டிசம்பரில் மறுபடியும் விடுதலை.

பூட்டு திறந்தாயிற்று. ஆனால் உள்ளே இருக்கிற சமாசாரம் ஐந்தாறு ஜி.பி. அதைச் சாதாரண சி.டி.யில் அடக்குவது எப்படி? அதற்கு பிரான்ஸிலிருந்து விடை வந்தது. மைக்ரோசாஃப்ட், எம்பெக்-4 அடிப்படையில் ஒரு சுருக்கும் முறை வைத்திருந்தது. ஆனால் அதைத் தன்னுடைய சொந்த ஃபைல் வகைக்குள் மட்டும்தான் வேலை செய்யும்படி கட்டிப்போட்டிருந்தது. ஜெரோம் ரோட்டா என்ற இளைஞர் அந்தக் கட்டை அவிழ்த்து, எல்லோரும் பயன்படுத்திய ஏ.வி.ஐ. ஃபைலுக்குள் அது வேலை செய்யும்படி மாற்றிவிட்டார். அதற்கு வைத்த பெயர்தான் வேடிக்கை. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடைக்காரர்கள் 1998-ல் டிவ்எக்ஸ் என்றொரு வட்டை விற்றார்கள். முதல் தடவை ஓட்டியதிலிருந்து 48 மணி நேரம்தான் பார்க்கலாம், பிறகு மறுபடி காசு கட்டவேண்டும். அடுத்த வருடமே கடையைக் கட்டிய திட்டம் அது. ரோட்டா அதே பெயரை எடுத்து, பக்கத்தில் ஒரு கண்ணடிக்கும் முகத்தையும் போட்டு, தன் படைப்புக்குச் சூட்டினார்.

ஒரு முழுப்படம், ஒரே சி.டி.யில்! அதுவும் வி.சி.டி.யை விடத் தெளிவாக. உலகம் பைத்தியமானது. அடுத்த வருடமே ரோட்டாவைச் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனி பிறந்தது. கொஞ்ச நாள் திறந்த நிரலாக இருந்த அவர்களின் புதிய முயற்சியை கம்பெனி மூடியதும், கோபம் கொண்ட சிலர் அதிலிருந்தே இன்னொன்றைக் கிளப்பினார்கள். டிவ்எக்ஸைத் தலைகீழாகத் திருப்பி எக்ஸ்விட் என்று பெயர் வைத்தார்கள்.

2003-ல் ஹெச்.264. 2002 கடைசியில், ரஷ்ய மரப்பொம்மைக்குள் பொம்மை இருக்குமே, அந்தப் பெயரில் மட்ரோஷ்கா. அதுதான் எம்.கே.வி. செல்போனுக்கு 3ஜி.பி. ஆப்பிளுக்கு மூவ். ஒன்று ஓடுகிற இடத்தில் இன்னொன்று ஓடாது. டி.வி.டி. பிளேயரில் ஓடுவது போனில் ஓடாது. போனில் ஓடுவது கம்ப்யூட்டரில் முழி முழியென்று முழிக்கும்.

இந்தக் குழப்பம்தான் கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர்களின் தாய்வீடு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஃபைல் பெயருக்குப் பின்னால் ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்று இருக்கிறதே, அது பாத்திரத்தின் பெயர். உள்ளே இருப்பது என்ன சமையல் என்பதை அது சொல்லாது. டிவ்எக்ஸ், ஹெச்.264, எம்பெக்-2 என்பவை சமையலின் பெயர். கோடெக் என்பார்கள். ஒரே எம்.கே.வி. பாத்திரத்தில் எந்தச் சமையலையும் வைக்கலாம்.

சாம்பாரைத் தூக்குவாளியிலிருந்து டப்பாவுக்கு மாற்றினால் ருசி மாறாது. அடுப்பில் ஏற்றி மறுபடி கொதிக்கவிட்டால்? முதல் தடவை ஒன்றும் தெரியாது. நாலாவது தடவை வாயில் வைக்க முடியாது.

வீடியோவிலும் அப்படியே. பாத்திரத்தை மட்டும் மாற்றினால் ஒரு புள்ளிகூட சேதமில்லை. அரை மணி நேரப் படத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. சமையலை மாற்றினால், படத்தை முழுசாகப் பிரித்து, மறுபடி சதுரம் சதுரமாக வெட்டி, மறுபடி பொடியைத் தூக்கிப்போட்டு, மறுபடி எழுதவேண்டும். மணிக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒருமுறை எழுதிக் கழித்துவிட்டால் போனது போனதுதான். கன்வர்ஷனும் அப்படியே.

கடையில் விற்ற கன்வெர்ட்டர்கள் எதுவும் இதை நமக்குச் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய ‘கன்வெர்ட்’ பட்டன்தான்.

2006-ல் என் வி.சி.டி.களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஏ.வி.ஐ. ஆக்கினேன். இடம் மிச்சமாம்! வட்டுகள் எங்கே போயின என்று கவலைப்படவில்லை. 2008-ல் ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் காட்டுவதற்காக, பந்திக் காட்சியை மட்டும் வெட்டி போனுக்கு 3ஜி.பி. ஆக்கினேன். 176-க்கு 144 புள்ளி. அப்பத்தா முகம் ஒரு பட்டாணி அளவு. 2010-ல் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது. ஏ.வி.ஐ. போச்சு. மிஞ்சியது போனில் இருந்த பட்டாணி மட்டும்.

2015-ல் என் முட்டாள்தனத்தின் உச்சம். ‘உங்கள் பழைய வீடியோவை ஒரே கிளிக்கில் ஹெச்.டி. ஆக்குங்கள்’ என்று ஒரு சாஃப்ட்வேர் கூவியது. இலவசப் பதிப்பில் படத்தின் நடு மத்தியில் கம்பெனி பெயர் வரும். எடுக்க வேண்டுமென்றால் காசு. கட்டினேன். பட்டாணியை 1280-க்கு 720 ஆக ஊதிக்கொடுத்தது. டி.வி.யில் நாங்கள் பார்த்த சதுரங்கள் அவைதான். நாசிர் அகமதுவின் கணக்கு வெட்டிய அதே எட்டுக்கு எட்டுச் சதுரங்கள், நாலு முறை தேய்ந்து, பூதக்கண்ணாடியில் தெரிந்தன. இல்லாத சுருக்கத்தை எந்த சாஃப்ட்வேர் எங்கிருந்து கொண்டுவரும்?

இந்த இடத்தில் உங்களுக்கு இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள்.

முதல் ஆள் ஃபாப்ரிஸ் பெல்லார்ட். 2000-ம் ஆண்டில், ஜெரார் லாந்தோ என்ற புனைபெயரில், எஃப்.எஃப்.எம்பெக் என்ற ஒரு புரோகிராமை எழுத ஆரம்பித்தார். முதல் இரண்டு எஃப்., ஃபாஸ்ட் ஃபார்வர்டுக்காக. அழகான பட்டன், கலர் ஜன்னல் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சவேண்டும். ஆனால் உலகத்திலுள்ள ஏறக்குறைய எல்லா வீடியோ சமையலும் அதற்குத் தெரியும். பெல்லார்ட் சில வருடங்களில் அதைப் பிறரிடம் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். (சும்மா இல்லை. 2009 கடைசியில் ஒரு சாதாரண டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பை என்ற எண்ணின் தசம இலக்கங்களை 2.7 லட்சம் கோடி வரைக்கும் கணக்கிட்டு உலக சாதனை செய்தார்!) எஃப்.எஃப்.எம்பெக்கை உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். 2021-ல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ், தரையிறங்கும் காட்சிகளைச் சுருக்கி அனுப்பியதே இந்த எஃப்.எஃப்.எம்பெக்கை வைத்துத்தான்.

இப்போது விஷயத்துக்கு வாருங்கள். கடைகளில் டாலர் கணக்கில் விற்ற பல கன்வெர்ட்டர்களின் வயிற்றுக்குள் இருந்த இன்ஜின் இதே எஃப்.எஃப்.எம்பெக்தான். மேலே ஒரு பளபளா சட்டை, பக்கத்தில் ஒரு பில். இலவச நிரலைப் பயன்படுத்தி விற்பது குற்றமல்ல, உரிமத்தின் நிபந்தனைகளை மதித்தால். மதிக்காதவர்களின் பெயர்களைத் தொகுத்து ‘அவமானப் பட்டியல்’ என்றே எஃப்.எஃப்.எம்பெக் குழு ஒருகாலத்தில் போட்டுவைத்திருந்தது. பட்டியல் நீளம்!

இரண்டாவது ஆள் எரிக் பெட்டி. 2003-ல், பி.ஓ.எஸ். என்ற, இன்று பலருக்கு ஞாபகமே இல்லாத ஒரு இயங்குதளத்துக்காக ஹேண்ட்பிரேக்கை எழுதினார். கட்டளை தட்டத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்காக ஜன்னலும் பட்டனும் வைத்த கன்வெர்ட்டர். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 1.0 என்ற பதிப்பு எண்ணைத் தொட 2016 டிசம்பர் 24 வரை, பதிமூன்று வருடம் எடுத்துக்கொண்டார்கள். வியாபாரம் இல்லாததால் அவசரமும் இல்லை.

அதிலும் ஓர் ஆபத்து வந்தது. 2017 மே மாதம், அவர்களின் டவுன்லோடு சர்வர்களில் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் கம்ப்யூட்டருக்கான ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, கடவுச்சொல் திருடும் வைரஸ் கலந்த நகலை வைத்துவிட்டார்கள். நாலைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒளிக்காமல் அவர்களே அறிவித்தார்கள். நல்ல கடையிலேயே இப்படி என்றால், ‘இலவச கன்வெர்ட்டர்’ என்று தேடி, முதலில் வருகிற முகம் தெரியாத தளத்தில் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது உங்கள் கையில் ஒரு பழைய வீடியோ இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதல் கேள்வி, மாற்றத்தான் வேண்டுமா? பாரிஸில் மாணவர்கள் 1996-ல் ஆரம்பித்த ஒரு கல்லூரி புராஜெக்ட், இன்று வி.எல்.சி. என்ற பெயரில், ஆரஞ்சு கூம்புச் சின்னத்தோடு எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஏறக்குறைய எதைப் போட்டாலும் ஓட்டும். ஓடுகிறதா? விட்டுவிடுங்கள். மாற்றாத ஃபைல்தான் நல்ல ஃபைல்.

இரண்டாவது, உள்ளே என்ன சமையல் என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் உண்டு. ஃபைலை இழுத்துப் போட்டால் பாத்திரம் என்ன, கோடெக் என்ன, எத்தனை புள்ளி என்று ஜாதகமே சொல்லிவிடும். உள்ளே ஹெச்.264, வெளியே எம்.கே.வி., டி.வி.க்குப் பாத்திரம்தான் பிடிக்கவில்லை என்றால், பாத்திரத்தை மட்டும் மாற்றுங்கள். அவிடெமக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் படத்துக்கும் சத்தத்துக்கும் ‘காப்பி’ என்று தேர்ந்தெடுத்து, வெளியீட்டுக்கு எம்.பி.4 என்று சொன்னால் முடிந்தது.

மூன்றாவது, சமையலை மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக். எம்.பி.4 பாத்திரம், ஹெச்.264 கோடெக். இதைவிடப் புதுசாக 2013-ல் ஹெச்.265 வந்தது, 2018-ல் காப்புரிமைக் கட்டணம் இல்லாத ஏ.வி.1 வந்தது. ஃபைல் இன்னும் சின்னதாகும். ஆனால் பழைய டி.வி., பழைய போன் உட்பட எல்லா இடத்திலும் ஓடவேண்டுமென்றால் ஹெச்.264-தான் பத்திரம்.

அதில் ஆர்.எஃப். என்று ஒரு நகர்த்தி இருக்கும். கவனிக்கவேண்டியது அதைத்தான். எண் குறையக் குறைய தரம் கூடும், ஃபைல் பெருக்கும். பழைய டி.வி. அளவுப் படங்களுக்கு 18 முதல் 22, இன்றைய முழு ஹெச்.டி. படங்களுக்கு 20 முதல் 24 என்பது ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்கிற அளவு. படத்தின் புள்ளி அளவைக் கூட்டாதீர்கள். ஊதினால் பெரிசாகுமே தவிர தெளிவாகாது. கேசட்டிலிருந்து கேமரா ஓட்டத்தோடு வந்த படங்களில் ஓரங்கள் சீப்புப் பல்போல் கோடு கோடாகத் தெரிந்தால், ஃபில்டர் பகுதியில் டிஇன்டர்லேஸைப் போடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டை வைத்து வேகமாகச் செய்யும் வசதியும் உண்டு. அவசரத்துக்குச் சரி. வீட்டுப் பொக்கிஷத்துக்கு மெதுவான வழியே நல்லது, அதே அளவு ஃபைலில் தரம் கூடுதலாகக் கிடைக்கும். முழுப் படத்தையும் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, எந்த டி.வி.யில் பார்க்கப்போகிறீர்களோ அதிலேயே போட்டுப் பாருங்கள். அதுவும் முகம் வருகிற நிமிடமாக இருக்கட்டும்.

நான்காவது, மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூலத்தை எறியாதீர்கள். எப்போது புதிதாக மாற்றினாலும் கையில் இருப்பதிலேயே பழைய தலைமுறையிலிருந்து மாற்றுங்கள். நகலின் நகலிலிருந்து வேண்டாம்.

விருந்து முடிந்த இரண்டு வாரத்தில் அக்கா போன் பண்ணினாள்.

‘டேய், அம்மா பீரோவ ஒழிச்சேன். புடவைக்கு அடியில மூணு சி.டி. இருக்கு. உன் கையெழுத்து மாதிரி இருக்கு.’

2006-ல் நான் தொலைத்ததாக நினைத்தவை. நான் போட்டுவிட்டுப் போனதை அம்மா பத்திரப்படுத்தியிருக்கிறாள். அவளுக்குக் கோடெக்கும் தெரியாது, கன்வெர்ட்டரும் தெரியாது. மகள் கல்யாணம் என்று எழுதியிருந்தது, எடுத்து வைத்தாள்.

இப்போதைய லேப்டாப்புகளில் சி.டி. போட இடமே இல்லை. யு.எஸ்.பி.யில் மாட்டுகிற டிரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். முதல் வட்டு படித்தது. மூன்றாவது வட்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. மறுவீட்டுக் காட்சிகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. போனது போனதுதான். இரண்டாவது வட்டு முக்கி முனகி, முக்கால் மணி நேரத்தில் முழுசாக வந்தது. பந்தி அதில்தான்.

உள்ளே எம்பெக்-ஏ.வி. என்ற ஃபோல்டரில் .டாட் என்று முடிகிற ஃபைல். அது அழையா விருந்தாளியின் பெயர்போல் இருந்தாலும், உள்ளே இருப்பது அச்சு அசல் எம்பெக்-1தான். வெளிப்பாத்திரம்தான் வேறு. முதலில் அதை அப்படியே, கை வைக்காமல், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்தேன். ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம். அப்புறம்தான் அந்த நகலிலிருந்து, ஆர்.எஃப். 18-ல், போனில் பகிர்வதற்காக ஒரே ஓர் எம்.பி.4. ஒரே கொதி.

அக்காவும் அவள் மகளும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். தூண் வந்தது. அப்பத்தா வந்தாள். கேசட்டில் இருந்த தெளிவு இல்லை. ஜரிகை இல்லை. காது பாம்படம் ஒரு மங்கல் புள்ளிதான். ஆனால் அது ஒரு முகம். கண்ணைச் சுருக்குவது தெரிகிறது. கையை ஆட்டுவது தெரிகிறது.

‘கொள்ளுப்பாட்டி உங்கள மாதிரியே முறைக்குறாங்க மாமா’ என்றாள் அக்கா மகள்.

கேசட் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதை நினைக்காத நாளில்லை.

உங்கள் வீட்டுப் பரணில், பீரோ அடியில், ஒரு கேசட்டோ வட்டோ இருக்கலாம். வி.ஹெச்.எஸ். பிளேயர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபூனாய், 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ஓடுகிற பழைய பிளேயர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டுதான் போகும். வட்டுகளும் சாகாவரம் வாங்கி வந்தவை அல்ல. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று தேடுவதெல்லாம் இரண்டாவது வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் பரணில் ஏறிப் பாருங்கள்.